குறிஞ்சானும் குறிசொல்லிகளும்

தம்பி! சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயிலிட்டுப் பார். மணலை மெல்வது போலிருக்கும்! சற்றுநேரம் நாக்கு இனிப்பையே மறந்துவிடும். சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் சும்மா வரவில்லை.

நாக்கை ஏய்க்கும் இலை, நோயையும் மாய்க்குமா? சென்னைப் பல்கலைக் கழகத்து உயிர்வேதியியலார் ஆராய்ந்தனர். 1990-இல் முடிவை வெளியிட்டனர். நீரிழிவு நோயாளிகள் 22 பேருக்கு, வழக்கமான மாத்திரையோடு, நாள்தோறும் 400 மில்லிகிராம் இலைச்சத்து. 18 முதல் 20 மாதம் வரை. இரத்தத்தில் சர்க்கரை இறங்கிற்று. 5 பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. பெருமைதான், நம் மண்ணின் இலையல்லவா! ஆனால் எஞ்சிய 17 பேர்? அளவு குறைந்ததேயன்றி மாத்திரை நிற்கவில்லை, தம்பி!

திருவொற்றியூர் ஆலைவாசலில் பொடிப் பொட்டலம் விற்பவன் அந்த 5 பேரைப் பாடுவான். 17 பேரைப் பதுக்குவான். "முன்னோர் மருந்து இருக்க இன்சுலின் எதற்கு, எறி!" என்பான். எறிந்தால்? மூட்டை தூக்கும் தோழனின் கால்புண் ஆறாது; கண் மங்கும். இன்சுலினாலேயே உயிர்வாழும் பிள்ளையென்றால், சில நாட்களில் பிணம்! நெல்லிக்கனியில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் இருக்கிறதாம். இருக்கட்டும், தின்னட்டும், அதைக் காட்டி ஊசியைப் பிடுங்குவதா?

இலைதழைக்கு நான் பகைவனல்லன். ஐரோப்பாவின் கலேகா செடியில் கண்ட பொருளைப் பின்தொடர்ந்துதான் மெட்ஃபார்மின் மாத்திரை வந்தது. 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன், அதை நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்டதை எழுதினார். அளந்தார்கள், சோதித்தார்கள். பொட்டலக்காரன் எதை அளந்தான்? பணத்தை!

இராயபுரத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை. 1948-இலேயே மருத்துவர் எம். விசுவநாதன் அங்கே நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். பொடி தின்பவனாயினும் போ. தின்பதை மறைக்காமல் சொல். மாத்திரையும் பொடியும் சேர்ந்தால் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயங்கி விழவும் கூடும். இரத்தத்தைச் சோதித்துக்கொண்டு வா, பிறகு பேசுவோம்.