ஊர் மாறும் வானொலியாளர்

இடமாற்றம் என்பது உத்தியோக வாழ்வோடு ஒட்டிப் பிறந்தது. ஆசிரியர், வங்கி உத்தியோகத்தர், புகையிரத நிலைய அதிபர் முதலானோர் சில ஆண்டுகளுக்கொருமுறை பெட்டிகளைக் கட்டிக்கொண்டு புதியதோர் ஊருக்குப் புறப்பட வேண்டியவர்களே. தையல் இயந்திரமும் புத்தக அலுமாரியும் எந்த வீட்டிலும் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். வீணை பயில்பவர் வீணையோடு போய்ச் சேரலாம். ஆனால், அமெச்சூர் வானொலியில் ஈடுபட்ட ஒருவருக்கு இடமாற்றக் கடிதம் வருமாயின், அவருடைய கலையின் சரிபாதி பழைய வளவிலேயே தங்கிவிடுகின்றது. கருவியைப் பெட்டியில் வைத்துக் கட்டலாம். ஏரியலைத் தாங்கி நின்ற பனையைக் கட்டிக்கொண்டு போக முடியுமா?

அமெச்சூர் வானொலி என்பது, ஊதியமோ வியாபாரமோ கருதாது, அரசின் அனுமதி பெற்ற தனிப்பட்டவர்கள் வானலை வழியாக ஒருவரோடொருவர் தொடர்பு கொள்ளும் பயிற்சியாகும். இவர்களை உலகெங்கும் ‘ஹாம்’ என்று அழைப்பர். ஒலிபரப்பு நிலையம் பேச, நேயர்கள் கேட்பர். இங்கோ இருவரும் பேசுவர்; இருவரும் கேட்பர். வாய்மொழியாகப் பேசுவாரும் உளர். மோர்சுக் குறிகளைத் தட்டி உரையாடுவாரும் உளர்.

இலங்கையில் ஒலிபரப்பு வேரூன்றிய வரலாறே, புதிய ஊருக்கு வந்து சேர்ந்த ஒருவரின் ஆர்வத்தோடு பின்னிக் கிடக்கின்றது. 1921ஆம் ஆண்டிலே தந்தி அலுவலகத்தின் பிரதம பொறியியலாளராகக் கொழும்புக்கு வந்தவர் எட்வேட் ஹாப்பர் என்னும் ஆங்கிலேயர். இங்கிருந்த ஆங்கிலேயரும் இலங்கையருமாகிய ஆர்வலரைச் சேர்த்து, கம்பியில்லாத் தந்திக் கழகம் ஒன்றை அவர் நிறுவினார். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியிலிருந்து கிடைத்த உறுப்புகளைக் கொண்டு, தந்திப் பொறியியலாளர்கள் ஒலிபரப்புக் கருவியொன்றை ஆக்கினர். பரீட்சார்த்தமாக இசைத்தட்டுகள் அதில் ஒலித்தன. 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. ஆர்வலர் சிலர் ஓரிடத்திற் கூடியதன் பயன் எத்துணைப் பெரிதாக வளர்ந்தது!

புதிய ஊருக்குச் செல்பவர் கவனிக்க வேண்டிய முதற் கருமம் அனுமதிப்பத்திரம். 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறியைக் கேட்ட மாத்திரத்திலே, ‘இது இலங்கை’ என்று உலகின் எந்த மூலையிலுள்ள ஹாமும் அறிந்துகொள்வார். எனினும், நிலையம் இயங்கும் முகவரி மாறுகையில் அதனை உரியவர்க்கு அறிவித்தல் முறையாகும். இலங்கையில் இப்பொறுப்பு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவைச் சார்ந்தது. கடல் கடந்து வேறு நாட்டுக்குச் செல்பவர், அந்நாட்டின் சட்டம் தம்மை அனுமதிக்கின்றதா என்று அறியுமுன்னர் அங்கே ஒரு சொல்லேனும் அலையில் விடலாகாது.

இரண்டாவது கருமம் கேட்டல். புதிய வீட்டிற் கால்வைத்ததும் ஏரியல் கட்ட முற்படுவது ஆழமறியாமற் காலை விடுவதை ஒக்கும். யன்னலோரமாகச் சில யார் கம்பியை எறிந்து, ஏற்குங் கருவியை மாத்திரம் இயக்கி, ஒரு கிழமை கேட்டல் வேண்டும். விடியற்காலையில் எந்த அலைவரிசை உயிர்பெறுகின்றது, நண்பகலில் எது மங்குகின்றது, மாலையில் எத்திசைக் குரல்கள் எழுகின்றன என்பவற்றை ஒரு கொப்பியிற் குறித்துவரின், அவ்வூரின் வானமே தன் குணத்தைச் சொல்லிவிடும்.

அவ்வாறு கேட்கையில், குரல்களுக்குப் பதிலாக இடையறாத இரைச்சலே வருமாயின் மனந்தளர வேண்டுவதில்லை. கருவியைப் பற்றரியில் இயக்கிக்கொண்டு, வீட்டின் பிரதான மின் ஆளியை நிறுத்திப் பார்க்கலாம். இரைச்சல் அடங்கினால், கள்வன் வீட்டுக்குள்ளேதான் இருக்கின்றான். மலிவான எல்.ஈ.டி. விளக்கு, கைத்தொலைபேசியின் மின்னேற்றி, கூரையிலுள்ள சூரிய மின்தொகுதியின் மாற்றி என்பன இக்காலத்திலே வானொலியாளரின் பெரும் பகைவர். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் குற்றவாளி அகப்படும்.

மூன்றாவது கருமம் ஏரியல். இதன் கணக்கு எளியது. 143 என்னும் எண்ணை மெகாஹேர்ட்சில் உள்ள மீடிறனால் வகுத்தால், அரை அலைநீளக் கம்பி எத்தனை மீற்றர் இருக்கவேண்டும் என்பது வரும். 7.1 மெகாஹேர்ட்சுக்கு ஏறத்தாழ 20 மீற்றர், 14.1 மெகாஹேர்ட்சுக்கு ஏறத்தாழ 10 மீற்றர். அக்கம்பியை நடுவில் வெட்டி, அங்கே ஊட்டுக்கம்பியை இணைத்தால் ஏரியல் ஆயிற்று. தங்கூசி நூலைக் கவணால் மரக்கிளைக்கு மேலாக எறிந்து, அதன்வழி கயிற்றை இழுத்து, கயிற்றிலே கம்பியை உயர்த்திவிடலாம். மின்சாரக் கம்பி செல்லும் பக்கம் மட்டும் எக்காரணத்தாலும் அணுகலாகாது. அதன்மேல் ஏரியல் விழுந்தால் உயிர் தப்புதல் அரிது.

கணக்கு ஒன்றேயாயினும், நிலத்துக்கு நிலம் கட்டும் விதம் வேறுபடும். யாழ்ப்பாணம், மன்னார் போன்ற கரையோரச் சமதரையில், கடலருகே நிறுத்திய செங்குத்தான கம்பி அரிய பயன் தரும். உப்புநீர் மின்னை நன்கு கடத்துவதால், அலைகள் அடிவானத்தையொட்டித் தாழ்வாகப் புறப்பட்டு நெடுந்தூரம் செல்லும். 14 மெகாஹேர்ட்சுக்கு 5 மீற்றர் உயரமே போதும். ஆனால், அதே உப்புக்காற்று இணைப்புகளை அரித்துவிடும். அவற்றை நன்கு மூடிக் கட்டுவதோடு காலந்தோறும் அவிழ்த்துத் துலக்கவும் வேண்டும்.

நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ மாற்றம் பெற்றவர், சூழவுள்ள மலைகளைக் கண்டு தம் குரல் சிறைப்பட்டதென எண்ணுதல் இயல்பு. 144 மெகாஹேர்ட்ஸ் போன்ற உயர்ந்த மீடிறன்களைப் பொறுத்தவரை இவ்வச்சம் பெரும்பாலும் மெய்யே. சிற்றலைக்கோ வேறு வழி உண்டு. 20 அடி உயரத்திற் கிடையாகக் கட்டிய கம்பி அலைகளை நேர் மேலே செலுத்தும். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர்களுக்கு மேலேயுள்ள அயன மண்டலம் அவற்றை மழைபோலக் கீழே சொரியும். மழைக்கு மலையேது, மடுவேது? பகலில் 7 மெகாஹேர்ட்சிலும், இருண்டபின் 3.5 மெகாஹேர்ட்சிலும் நாடு முழுவதையும் இவ்வாறு எட்டலாம். பருவக்காற்று மாறும் மாதங்களிற் பிற்பகல் இடிமின்னல் மிகுதியாகையால், முகில் திரளக் கண்டதும் ஏரியலைக் கருவியினின்று கழற்றி வெளியே விடுதல் கட்டாயம்.

கொழும்பிலே தொடர்மாடி வீட்டிற் குடியிருப்பவர்க்கு வளவுமில்லை, மரமுமில்லை. பல்கணியினின்று நீளும் மெல்லிய கம்பியும், 5 உவாற்று வலுவும், மோர்சுக் குறியும் அவருக்குத் துணை. வானம் இசைந்த வேளையிலே அவ்வளவைக் கொண்டே கண்டங்களைத் தாண்டலாம்.

இவ்வளவுக்கும் மேலாக வேண்டப்படுவது அயலவரின் நல்லெண்ணம். கம்பி கட்டுமுன் வீட்டுச் சொந்தக்காரரிடம் உத்தரவு கேட்டு, பக்கத்து வீட்டாருக்கும் விடயத்தைச் சொல்லிவிடுதல் நன்று. சொல்லாமற் கட்டிய கம்பி சந்தேகத்தை வளர்க்கும். உள்நாட்டுப் போரைக் கண்ட மண்ணிலே, இரவில் வானொலிக் கருவியோடு தனித்துப் பேசுபவரைக் குறித்து ஊரார் ஐயுறுவதிற் குற்றமில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை அழைத்து, தூரதேசத்துக் குரலொன்றைக் கேட்கச் செய்தால், ஐயம் ஆர்வமாக மாறும். பழைய ஊரின் நண்பர்களோ, குறித்த நேரத்தில் குறித்த மீடிறனில் முன்போலவே காத்திருப்பர். அயல் மாறினாலும் அலைவழி அயலார் மாறுவதில்லை.

புதிய ஊருக்கு இவர்களாற் பயன் உண்டா என்று வினவுவோர்க்கு, 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் விடை பகரும். அந்தமான் தீவுகளிலிருந்து உலக ஹாம்களோடு தொடர்புகொள்ளும் பொருட்டு, பாரதி பிரசாத் என்னும் இந்தியப் பெண்மணி அம்மாதம் போட் பிளேயருக்கு வந்திருந்தார். நிலம் நடுங்கிக் கடல் பொங்கியபோது, விளையாட்டாக அமைத்த அந்நிலையமே தீவின் செய்திகளை வெளியுலகுக்குக் கொண்டுசெல்லும் வாயாயிற்று. காணாமற்போன உறவினரைத் தேடியவர்களுக்கு அவர் செய்தி சேர்த்தார். இலங்கையிலே 30,000இற்கு மேற்பட்ட உயிர்களை அக்கடல் கொண்டது. தொலைபேசித் தொடர்பு அறுந்த அம்பாந்தோட்டைக்கு இலங்கை ஹாம்கள் கருவிகளோடு விரைந்து, கொழும்புடன் சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்தினர்.

அந்நேரத்திற் பயன்பட்டவை ஒரு கருவி, ஒரு பற்றரி, ஒரு கம்பி. இவற்றோடு, முன்பின் அறியாத இடத்தில் அவற்றை விரைந்து நிறுத்தும் பழக்கம். அப்பழக்கத்தை இடமாற்றம் ஒவ்வொன்றும் கற்பிக்கின்றது. எனவே, பனையை விட்டுப் பிரிந்த வானொலியாளர் அதற்காக நெடுநாள் வருந்த வேண்டியதில்லை. புதிய வீட்டின் முற்றத்திலே கம்பியை உயர்த்தி, தம் அழைப்புக்குறியைச் சொல்லி, மறுமொழிக்காக அவர் காத்திருக்கும் முதல் மாலையிலே, அவ்வூருக்கு ஆபத்து வேளையில் உதவக்கூடிய குரலொன்று கிடைத்துவிடுகின்றது.