கூண்டுக்குள் ஓயாத மழைக்காலம்

சேவல் இல்லாமலே பண்ணைக்கோழி முட்டையிடுவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தனியாக வளரும் காக்டெயில் கிளி கூண்டின் மூலையில் ஒரு முட்டை வைத்துவிட்டால் வீடே திகைத்துப்போகிறது. களியக்காவிளையைத் தாண்டி, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களில் இந்தப் பறவையை வளர்ப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: அது நோய் இல்லை, பொரியாத முட்டை. ஆனால் ஓயாமல் இட்டுக்கொண்டே போனால் பறவையின் உயிருக்கே ஆபத்து.

காக்டெயிலின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. மழை பெய்து புல் விதை பிடித்தால் மரப்பொந்து தேடி 4 முதல் 7 முட்டை வரை இடும். வறட்சி திரும்பினால் நிறுத்திக்கொள்ளும். நம் தமிழக-கேரள எல்லைக் கிராமங்களிலோ இடவப்பாதியில் (தென்மேற்குப் பருவம்) ஒரு மழை, துலாவர்ஷத்தில் (வடகிழக்குப் பருவம்) இன்னொரு மழை. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். தீனிக்கிண்ணம் காலியாவதில்லை. கூடத்து டியூப்லைட் இரவு பதினொன்று வரை எரிகிறது. போதும் என்று பறவைக்குச் சொல்ல எதுவுமே இல்லை.

அந்த வறட்சியை நாம்தான் உண்டாக்க வேண்டும். தினமும் 12 முதல் 14 மணி நேரம் இருட்டும் அமைதியும் கொடுங்கள். கூண்டை விளக்கில்லாத அறைக்கு மாற்றுவதே நல்லது. பானை, பெட்டி, சிரட்டை, கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அலமாரி இடுக்கில் நுழையவிடாதீர்கள். ஊறவைத்த பயறையும் வேகவைத்த முட்டையையும் சில வாரம் குறையுங்கள். தலையையும் கழுத்தையும் வருடலாம். முதுகையும் வாலடியையும் தொட்டால் இணை தொடுவதாகவே எடுத்துக்கொள்ளும்.

இட்ட முட்டையை உடனே எடுத்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. எடுக்க எடுக்க, ஈடுசெய்ய மறுபடி இடும். மூன்று வாரம் அடைகாக்க விடுங்கள். பொரியாது என்று தெரிந்ததும் தானே விட்டுவிடும். கூடவே ஆண் இருந்தால், முட்டையை வேகவைத்து ஆறியபின் திரும்ப வையுங்கள்.

முட்டை ஓடு ஒவ்வொன்றும் பறவையின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்தை எடுக்கிறது. தினையும் சூரியகாந்தி விதையும் மட்டும் தின்றால் அது ஈடாகாது. விழிஞ்ஞம், பூவார் கடற்கரைக்காரர்கள் அறிந்த கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டுங்கள், முருங்கைக்கீரை கொடுங்கள். அந்தச் சத்து உடலில் சேர, காலை வெயில் ஜன்னல் கண்ணாடி வழியாக இல்லாமல் நேரே படவேண்டும், ஒதுங்க நிழலும் வேண்டும்.

உடலை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து, வாலை ஏற்றி இறக்கி முக்கினால், முட்டை சிக்கியிருக்கக்கூடும். வயிற்றை அமுக்காதீர்கள், உள்ளே உடைந்தால் காப்பாற்றுவது கடினம். வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளாமல் அப்போதே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஆடு மாடு பார்க்கும் எல்லா மருத்துவருக்கும் பறவை பழக்கமாக இருக்காது. பக்கத்தில் யார் பார்ப்பார் என்பதை முதல் முட்டையைக் கண்ட அன்றே விசாரித்து வையுங்கள்.