சேற்று வயலும் பழைய அறுவடை இயந்திரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நெற்செய்கை பெரிதும் வானத்தை நம்பியது. வற்றாத ஆறு எதுவுமில்லாத இந்நிலத்தில் வடகீழ்ப் பருவமழையே பெரும்போகத்தைத் தாங்கி நிற்கின்றது. ஆனால் பயிரை வளர்த்த அதே மழை, கதிர் முற்றிய தை, மாசி மாதங்களிலும் வந்து விடுவதுண்டு. 2023 பெப்ரவரி தொடக்கத்தில் வங்கக் கடலில் உருவான தாழமுக்கம் இலங்கையைக் கடந்து சென்ற வேளையில், பாக்கு நீரிணைக்கு அப்பால் காவிரி டெல்ரா மாவட்டங்களிலும் அறுவடைக்குத் தயாராக நின்ற சம்பா நெற்பயிர் சாய்ந்து நீரில் மூழ்கியது. கடலின் இரு கரைகளிலும் கமக்காரன் அஞ்சுவது இந்த நாட்களுக்கே.

முன்னர் இத்தகைய வேளைகளில் அரிவி வெட்டுக்கு ஆட்கள் கூடினர். முழங்கால் சேற்றில் நின்று வெட்டி, வரம்பில் அடுக்கி, சூடு வைத்து நெல்லைக் காப்பாற்றினர். இன்று அத்தனை ஆட்களைத் திரட்ட முடிவதில்லை. வெட்டுதல், சூடடித்தல், தூற்றுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்யும் கூட்டு அறுவடை இயந்திரமே அவ்விடத்தைப் பிடித்துள்ளது. அவ்வியந்திரம் ஈர வயலில் இறங்குமா, புதையுமா என்பதைத் தீர்மானிப்பது அதன் வலுவோ வெட்டுக்கத்தியோ அன்று. அதன் காலில் இருக்கும் இறப்பர்ப் பட்டியே அதைத் தீர்மானிக்கின்றது. மக்கள் 'செயின்' என்றும் 'பெல்ட்' என்றும் சொல்வது இதனைத்தான்.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். 3,000 கிலோகிராம் எடையுள்ள ஓர் இயந்திரத்தின் இரு பட்டிகளும் 45 சென்ரிமீற்றர் அகலமும், தரையைத் தொடும் நீளத்தில் 160 சென்ரிமீற்றரும் உடையவை எனக் கொள்வோம். தரையில் படியும் மொத்தப் பரப்பு 14,400 சதுர சென்ரிமீற்றர். எனவே ஒரு சதுர சென்ரிமீற்றரில் விழும் சுமை 0.21 கிலோகிராம் மட்டுமே. 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் நடக்கையில் ஒற்றைப் பாதத்தில் விழும் சுமை இதனிலும் கூடியது. சில்லுப் பூட்டிய உழவு இயந்திரத்திலோ இச்சுமை 1 கிலோகிராமையும் எட்டலாம். மனிதன் புதையும் சேற்றில் மூன்று தொன் இயந்திரம் ஊர்ந்து செல்வதன் இரகசியம் இதுவே.

பட்டி என்றதும் எம்மவர் பலருக்கு நினைவில் எழுவது போர்க்களத்துத் தாங்கியாக இருக்கலாம். ஆனால் பட்டியைப் பயனுள்ளதாக்கியது கமத்தொழிலே. கலிபோர்னியாவின் ஸ்ரொக்ரன் நகரில் பெஞ்சமின் ஹோல்ற் என்பவர், ஆற்றுப்படுகையின் இளகிய நிலத்தில் நீராவி உழவு இயந்திரங்கள் புதைந்து போவதைக் கண்டு, 1904 நவம்பரில் சில்லுகளுக்குப் பதிலாகப் பட்டி பூட்டிப் பரீட்சித்தார். தாங்கிகள் போரில் இறங்கியது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1916 செப்ரெம்பரில்தான். பின்னர் 1930களில், புளோரிடாவின் புயல் வெள்ளத்தில் சிக்கியோரை மீட்பதற்கென டொனால்ட் ரோப்ளிங் என்பார் நீரிலும் நிலத்திலும் செல்லும் பட்டி வாகனத்தை அமைத்தார். அதன் பட்டியில் இருந்த தகடுகள் நீரில் துடுப்பாகவும் சேற்றில் நகமாகவும் பணியாற்றின. ஆனால் நீருக்கும் சேற்றுக்கும் வீதிக்கும் ஒருங்கே மிகச் சிறந்ததாக அமையும் பட்டி என ஒன்றில்லை. தெரிவு செய்பவர் தமது வண்டி எந்த நிலத்தில் அதிகம் செல்லும் என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும்.

இப்பொழுது எமது நிலத்துக்கு வருவோம். குடாநாட்டின் நடுப்பகுதிச் செம்மண் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பெயர் பெற்றது. நெல் விளைவது பெரும்பாலும் அதன் ஓரங்களிலுள்ள தாழ்நிலங்களில். தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் கடனீரேரியை அண்டிய வயல்கள் பலவற்றில் உவர் ஏறியுள்ளது. பல இடங்களில் மண்ணின் கீழ் சிறிது ஆழத்திலேயே சுண்ணாம்புக்கல் கிடக்கின்றது. வயல்களும் சிறியவை. 16 பரப்பு ஓர் ஏக்கராகக் கணக்கிடப்படும் இங்கு, சில பரப்புக்கு ஒரு வரம்பைக் காணலாம். ஆகவே சேறு, உவர், கல், அடிக்கடி திரும்ப வேண்டிய சிறு வயல் ஆகிய நான்கையும் பட்டி எதிர்கொள்கின்றது.

பழைய இயந்திரத்துக்குப் பட்டி வாங்குபவர் முதலில் நோக்க வேண்டியது அதன் அளவு. பட்டியின் மேல் 450×90×51 என்பது போல் மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடையிலான தூரம், இவை இரண்டும் மில்லிமீற்றரில் உள்ளவை. மூன்றாவது கண்ணிகளின் எண்ணிக்கை. பின்னிரண்டையும் பெருக்கினால் பட்டியின் சுற்றளவு வரும். இங்கு அது 4.59 மீற்றர். கண்ணித் தூரமும் எண்ணிக்கையும் இயந்திரத்துக்குரியவையாகவே இருத்தல் வேண்டும். கிடைத்ததைப் பூட்டிச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் இழுவைப் பற்சில்லை விரைவில் அழித்துவிடும்.

அகலத்தில் மட்டுமே சற்றுத் தெரிவுக்கு இடமுண்டு. மேற்கூறிய இயந்திரத்துக்கு 50 சென்ரிமீற்றர் பட்டி பொருந்துமாயின் சுமை 0.19 ஆகக் குறையும். அதனால் அகலமானதே நல்லது என்று முடிவு கட்டிவிடவும் இயலாது. அகன்ற பட்டி சட்டத்தில் உராயலாம். திரும்பும்போது கியர்ப் பெட்டிக்கும் அச்சுக்கும் அது கொடுக்கும் பாரம் கூடுதலானது. பல ஆண்டுகள் உழைத்த இயந்திரத்தில் அப்பாரம் புதிய செலவுக்கு வழி திறக்கும். அதேவேளை, தொட்டியில் 500 கிலோகிராம் நெல் சேர்ந்தால் 45 சென்ரிமீற்றர் பட்டியின் சுமை 0.24 ஆக உயரும். எடை ஒரு முனைக்குச் சாய்ந்தால் அம்முனை மேலும் ஆழப் பதியும். சேற்று வயலில் தொட்டி நிரம்பும் முன்னரே நெல்லை இறக்குவது, செலவின்றிப் பட்டியை அகலமாக்குவதற்கு ஒப்பானது.

அடுத்தது பட்டியின் வெளிப்புறக் கட்டைகள். உயர்ந்த கட்டைகள் சேற்றைப் பற்றி இழுக்கும். ஆனால் தார் வீதியிலும் கற்பாதையிலும் விரைவில் தேய்ந்து விடும். ஊர் விட்டு ஊர் ஓடும் இயந்திரம் வீதியில் ஊர்ந்து செல்லாமல் லொறியில் ஏற்றப்படுவது இதற்காகவே. ஏற்றுக்கூலியை மிச்சம் பிடிப்பவர் பட்டியின் ஆயுளில் அதை இழந்து விடுகின்றார்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத உட்புறம். இறப்பருக்குள் உருக்குக் கம்பிகளும் இரும்புத் துண்டங்களும் பதிந்துள்ளன. கல் கிழித்த வெடிப்பினூடாக உவர்நீர் புகுந்தால் கம்பி உள்ளேயே துருப்பிடிக்கும். வெளியே நன்றாகத் தோன்றும் பட்டி நடுவயலில் அறுந்து போவது இதனால்தான். பாவித்த பட்டியை வாங்குவோர் கட்டையின் உயரத்தை மட்டும் பார்க்கலாகாது. மடித்துப் பார்த்து, வெடிப்பின் ஆழத்தையும், கம்பி வெளித்தெரிகின்றதா என்பதையும், இரும்புத் துண்டங்கள் எவையும் கழன்றுள்ளனவா என்பதையும் சோதித்தல் வேண்டும். கடனீரேரி அருகே வேலை செய்த இயந்திரத்தை அன்றே நன்னீரால் கழுவி நிழலில் நிறுத்துவதும் அவசியமானது. ஏனெனில் வெயிலும் இறப்பரை வெடிக்கச் செய்யும்.

தேய்ந்த பற்சில்லின் மீது புதிய பட்டியைப் பூட்டினால் புதியதும் தேயும். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாகப் பூட்டினால் இயந்திரம் ஒரு புறம் இழுக்கும். பட்டி மிக இறுகினால் உருளைகள் கெடும். தளர்ந்தால் திரும்பும்போது கழன்று விழும். அதற்கான அளவு இயந்திரத்தின் கைநூலில் உண்டு. ஊகத்துக்கு அங்கு வேலையில்லை.

இவையெல்லாம் இயந்திரக்காரரின் கவலை, கமக்காரனுக்கு இதில் என்ன என்று கேட்கப்படலாம். உண்மை நேர்மாறானது. தேய்ந்த பட்டி வழுக்கிச் சுழலும்போது வயலில் ஆழ்ந்த தடம் விழுகின்றது. நீரை மறித்து வைக்கும் அடிமண் தட்டு உடைகின்றது. ஓரிடத்தில் மண் இறுகி, இன்னோரிடத்தில் பள்ளமாகின்றது. நெல்லின் பின் எஞ்சிய ஈரத்தில் பயறோ உழுந்தோ விதைப்போருக்கு அந்நிலம் உதவாது போகின்றது. மணிக்கணக்கில் வாடகை பேசப்பட்டிருந்தால், புதைந்து நின்ற நேரம் எவர் கணக்கில் ஏறுவது என்ற சச்சரவும் எழுகின்றது. பட்டிக்குச் செலவிடாத பணத்தை ஈற்றில் வயலே செலுத்துகின்றது.

2022 இல் ரூபாவின் பெறுமதி சில மாதங்களில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 என்ற நிலையிலிருந்து 350 இற்கும் மேலாகச் சரிந்தபோது, இறக்குமதியாகும் உதிரிப்பாகங்கள் எட்டாத விலையை நோக்கிச் சென்றன. பட்டி மாற்றுவதை ஒரு போகம் தள்ளிப் போடும் இயந்திரக்காரரைப் பேராசைக்காரர் என்று மட்டும் ஏசிவிட முடியாது. எனவே தீர்வும் கூட்டாகவே அமைதல் வேண்டும். போகம் தொடங்கு முன்னர் கமக்கார அமைப்புகள் தமது பகுதிக்கு வரும் இயந்திரங்களின் பட்டி நிலையைப் பார்த்துப் பதிவு செய்யலாம். ஒரே அளவுப் பட்டி தேவைப்படுவோர் ஒன்று சேர்ந்து கொள்வனவு செய்தால் விலையைப் பேச வாய்ப்புண்டு. வாடகையை மணிக்கணக்கிலன்றி ஏக்கர்க் கணக்கில் பேசி, புதைந்தால் மீட்கும் செலவு யாருடையது என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கொள்ளலாம். எந்த வயல் முதலில் காயும், எது இறுதிவரை ஈரமாயிருக்கும் என்பதை அறிந்தவர் கமக்காரரே. அந்த ஒழுங்கில் இயந்திரத்தை இறக்குவது அவரது பொறுப்பு.

மன்னாரிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வரம்பு வைத்து வாழ்கின்றனர். ஒருவருடைய வயலை வெட்டி முடித்த இயந்திரமே மற்றவருடைய வயலிலும் இறங்குகின்றது. சாய்ந்த கதிருக்கும் முளைத்த நெல்லுக்கும் இன பேதம் கிடையாது. நல்ல பட்டியுடன் உரிய நாளில் வரும் ஓர் இயந்திரம் இரு சாராருக்கும் பொதுவான காப்புறுதி ஆகும். அந்தக் காப்புறுதியை மழைக்கு முன்னரே தேடிக்கொள்வதுதான் அறிவுடைமை.