ஃபெஸ் நகரத்துக் கோட்டைவாசல்

சென்ற வாரம், 1912 மார்ச் 30 அன்று சுல்தான் அப்துல் ஹஃபீஸ் கையெழுத்திட்டு மொராக்கோவைப் பிரான்ஸின் 'பாதுகாப்பு'க்குள் ஒப்படைத்ததோடு நிறுத்தினோம். அந்தக் காலத்துப் பிரெஞ்சு அஞ்சலட்டைகளில் மொராக்கோ நகர வாசல்களில் காவல் நிற்கும் படைவீரர்களின் படங்கள் உண்டு. லாடம்போல் வளைந்த உயரமான வாசல். அதன் நிழலில் பிரான்ஸின் 'செனகல் துப்பாக்கிப் படை'யைச் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள். தலையில் குஞ்சம் வைத்த குல்லா, கையில் துப்பாக்கி. பார்த்ததும் வெற்றியின் படம் என்றுதான் தோன்றும். என் கணிப்பு வேறு. ஃபெஸ் நகரைப் பொறுத்தவரை அது அவநம்பிக்கையின் படம். வாசலில் அந்நியச் சிப்பாய் தேவைப்பட்டது, உள்ளூர்ச் சிப்பாயை நம்ப முடியாமல் போனதால்.

சான்று ஏப்ரல் 17-இல் இருக்கிறது. அன்று பிரெஞ்சு அதிகாரிகளுக்கு எதிராகத் துப்பாக்கியைத் திருப்பியவர்கள் அந்த அதிகாரிகளிடமே பயிற்சி பெற்ற சுல்தானின் சொந்தப் படையினர். சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சாப்பாடு தருவோம், இனி முதுகில் மூட்டை சுமக்க வேண்டும் என்ற உத்தரவு, ஒப்பந்தத்தால் புகைந்துகொண்டிருந்த கோபத்தில் நெருப்பை வைத்தது. பிரெஞ்சு முகாமோ மதிலுக்கு வெளியே தார் திபிபாக்கில் இருந்தது. அங்கிருந்து நகருக்குள் வர அவர்கள் சண்டையிட வேண்டியிருந்தது. வாசல் யார் கையில் இருக்கிறதோ நகரம் அவர் கையில் என்பதைக் கலகம் நீடித்த மூன்று நாட்கள் காட்டிவிட்டன.

மே 25-இல் மலைக்குடிகள் வெளியிலிருந்துதானே நகரைத் தாக்கினார்கள், அப்படியென்றால் காவல் நியாயம்தானே என்று கேட்கலாம். தாக்கியது உண்மை. ஆனால் அவர்கள் வந்ததே அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து. காவலுக்குக் காரணமான ஆபத்தைக் காவலரே கூட்டி வந்திருந்தார்கள். இதைவிடக் கனமான கேள்வி யூதர்களைப் பற்றியது. ஏப்ரல் கலகத்தில் அவர்களுடைய குடியிருப்பான மெல்லா சூறையாடப்பட்டது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அந்தக் கொடுமையை யாரும் கிளர்ச்சி என்ற பெயரில் மூடி மறைக்கக் கூடாது. ஆனால் அன்று அவர்களைக் காத்தது யார்? கலகக்காரரை விரட்டப் பிரெஞ்சு பீரங்கிகள் சுட்ட குண்டுகள் மெல்லாவிலும் விழுந்தன. மக்கள் உயிர் பிழைக்க ஓடியது சுல்தானின் அரண்மனைக்கு. அங்கே மிருகக்காட்சிக் கூண்டுகளில் குடும்பம் குடும்பமாக அவர்கள் தங்கியிருந்ததற்கும் புகைப்படங்கள் இருக்கின்றன. கோட்டைவாசல் படத்தை அவற்றோடு சேர்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வாசலில் நின்றவர்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. 'செனகலியர்' என்று அச்சிடப்பட்டவர்களில் பலர் இன்றைய மாலி, கினி நாடுகளின் கிராமத்தார். ஆப்பிரிக்காவிலிருந்து பெரும்படை திரட்டலாம் என்று மான்ஜன் என்ற அதிகாரி 1910-இல் புத்தகமே எழுதினார். 1912 பிப்ரவரி 7-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்புக்கு ஆணை பிறந்தது. ஒரு நாட்டைப் பிடித்து, அதன் பிள்ளைகளை இன்னொரு நாட்டின் வாசலில் நிறுத்தும் ஏற்பாடு அது. அத்தனை காவலிருந்தும் புதிய ஆட்சித் தலைவர் லியோத்தே ஃபெஸ்ஸை நம்பவில்லை. தலைநகரைக் கடலோர ரபாத்துக்கு மாற்றினார். அங்கே அடுத்த வாரம் போவோம்.