அன்னை அழகம்மாளின் ஆலயம்

சேர்வராயன் மலையுச்சியில், ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில், குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகையில் சேர்வராயனும் காவிரி அம்மனும் எழுந்தருளியிருக்கின்றனர். மே மாதத் திருவிழாவுக்கு ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைக்கிராமத்தார் குடும்பத்தோடு திரள்வர். பேரன் பேத்தியரைக் கைப்பிடித்து அழைத்து வருவோர் பெரும்பாலும் பாட்டிமார்தாம். அந்தப் பாட்டி காலமான பின் வருகிற முதல் திருவிழாவில் பாதையும் குகையும் அப்படியே இருக்கும். வாசலில் "தலையைக் குனிந்து வா" என்று சொல்லத்தான் ஆள் இராது.

இத்தகைய பிரிவைச் சுமந்திருப்போர், சேலத்திலிருந்து ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலைக்கு ஒருமுறை சென்று வரலாம். அங்கும் மலை உண்டு. மலையடிவாரத்தில், மறைந்த ஒரு தாயின் சமாதிமீதே எழுந்த சிவாலயமும் உண்டு. பகவான் ரமணரின் அன்னை அழகம்மாளின் ஆலயம் அது.

1896-இல் வீட்டைத் துறந்து சென்ற மகனை, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பவழக்குன்றில் கண்டார் அன்னை. கதறி அழைத்தும் மகன் வாய் திறக்கவில்லை. நடக்க வேண்டியது நடந்தே தீரும், மௌனமே நன்று என்ற பொருள்பட ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எந்தத் தாய்க்கும் அது எளிதில் ஆறுகிற புண்ணன்று. எனினும் 1916-இல் அவர் மகனிடமே வந்து சேர்ந்தார். பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பு!

வந்தவர் சும்மா இருக்கவில்லை, அடுப்பு மூட்டினார். அதுவரை பிட்சையில் காலம் தள்ளிய அடியார்களுக்குக் கந்தாசிரமத்தில் சமையல் தொடங்கியது. வெங்காயம், முருங்கைக்காய் விஷயத்தில் அன்னை மிகுந்த ஆசாரம் பார்ப்பார். அவை மோட்சத்துக்குப் பெருந்தடை ஆயிற்றே என்று மகன் கேலி செய்வார். அப்பளம் இட உதவிக்கு அழைத்தபோது, அப்பளம் இடும் பக்குவத்தையே ஆன்ம விசாரமாக்கி ஒரு பாட்டு இயற்றித் தந்தார். அதுவே 'அப்பளப் பாட்டு'. தாய்க்கு உபதேசம் செய்ய, அவர் கை அறிந்த வேலையையே மகன் எடுத்துக்கொண்டது எண்ணி எண்ணி மகிழத் தக்கது.

1922 மே 19. அன்னையின் மூச்சு திணறத் தொடங்கியது. பகவான் அருகில் அமர்ந்து, வலக்கையை அவர் மார்பிலும் இடக்கையைத் தலையிலும் வைத்தார். பகல் முழுவதும் கையை எடுக்கவில்லை. இரவு எட்டு மணியளவில் அன்னை அடங்கினார். தீட்டு என எதுவும் இல்லை என்று கூறிய பகவான், எல்லோருடனும் அமர்ந்து உணவு கொண்டார். சங்கரரும் பட்டினத்தாரும் தம் அன்னையருக்குச் சிதை மூட்டியதை நாம் அறிவோம். இங்கோ தகனமே இல்லை. முக்தி பெற்றவர் பெண்ணாயினும் உடலை எரிக்கலாகாது என்பதை 1917-இலேயே, 'ரமண கீதை'யில் பதிவான ஒரு விடையில் பகவான் கூறியிருந்தார். அதன்படி மலையின் தென்புறம் பாலி தீர்த்தத்தருகே அன்னையின் திருமேனி சமாதி செய்விக்கப்பட்டது. மேலே ஒரு லிங்கம் நிறுவப்பட்டது. மாத்ருபூதேசுவரர் என்பது திருநாமம்.

கந்தாசிரமத்திலிருந்து பகவான் அடிக்கடி இறங்கி வந்து சமாதியைக் கண்டு செல்வார். அவ்வாண்டு டிசம்பரில் ஒருநாள் வந்தவர் திரும்பவில்லை, அங்கேயே தங்கிவிட்டார். இன்று உலகெங்கிலுமிருந்து அன்பர்கள் வரும் ரமணாசிரமம், இப்படி ஒரு தாயின் சமாதியைச் சுற்றி வளர்ந்ததே.

முதலில் அங்கிருந்தது கீற்றுக்கொட்டகைதான். கருங்கல் ஆலயத் திருப்பணி 1939-இல் தொடங்கி, 1949 மார்ச் 17-இல் பகவான் முன்னிலையில் குடமுழுக்கு நடந்தது. கருவறையில் ஸ்ரீசக்ர மேருவும் உண்டு. வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் அதற்குப் பூசை நடைபெறும். வைகாசி தேய்பிறை நவமியில் அன்னையின் மகாபூசை.

அழகம்மாளுக்குப் பேரனும் இருந்தார். இளைய மகன் நாகசுந்தரத்தின் பிள்ளை; சிறு வயதிலேயே தாயை இழந்து அத்தை அலமேலுவிடம் வளர்ந்தவர். நாகசுந்தரமோ துறவு பூண்டு நிரஞ்சனானந்தராகி, ஆசிரமப் பொறுப்பேற்று ஆலயத்தை எழுப்பினார். 1953-இல் அவர் மறைந்தபின் ஆசிரம நிர்வாகம் அந்தப் பேரனிடமே வந்தது. அவர் பெயர் வெங்கடராமன். பாட்டி தம் மகன் ரமணருக்கு அன்று இட்டிருந்த பெயரும் அதுவே.