பூத்துப்போகாத பாகு

ஜாங்கிரிக்குப் பாகு காய்ச்சுகிறவர், பதம் வந்ததும் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிந்துவிட்டு அடுப்பை அணைக்கிறார். பாகு பூத்துப்போகாமல் இருக்கும் என்பது அவர் சொல்லும் காரணம். புளிப்பும் உஷ்ணமும் சேர்ந்து சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாகப் பிளந்து, மிச்சமுள்ள சர்க்கரை ஒழுங்காக அணிவகுத்துப் பளிங்காவதைக் கெடுத்துவிடுகின்றன என்ற ரசாயனத்தை அவர் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. டாங்கர் லாரிகளில் சர்க்கரையைத் திரவமாகவே தருவித்துக்கொள்ளும் குளிர்பான ஆலைகளின் முக்கால்வாசிக் கவலையும் இந்தப் பூத்தல்தான்.

ஆலைக்கு வரும் திரவச் சர்க்கரையில் எடைக்கு நூற்றுக்கு 67 பங்கு சர்க்கரை இருப்பது வழக்கம். அடால்ஃப் பிரிக்ஸ் என்ற ஜெர்மானியரின் பெயரால் அதை 67 பிரிக்ஸ் என்பார்கள். 20 டிகிரி உஷ்ணத்தில் தண்ணீர் தாங்கக்கூடிய சர்க்கரையின் எல்லையும் ஏறத்தாழ அதுவே. அதற்கு மேல் கெட்டியாக்கினால் பூத்துவிடும். நீர்க்க விட்டாலோ, காத்துக்கொண்டிருக்கும் ஈஸ்ட் குடியேறிவிடும்.

இப்படிப்பட்ட ஒன்றைக் குழாய் வழியே தள்ளுவது லேசான காரியமல்ல. அதே 20 டிகிரியில் 60 பங்குக் கரைசல் தண்ணீரைப் போல் சுமார் 58 மடங்கு பிசுபிசுப்புக் கொண்டதென்றால், வெறும் பத்துப் பங்கு கூடிய 70 பங்குக் கரைசலுக்கு அது ஏறக்குறைய 480 மடங்காகத் தாவிவிடுகிறது. தண்ணீரைச் சுழற்றி வீசியெறியும் சாதாரணப் பம்பு இங்கே கடைந்து கடைந்து களைத்துப்போகும். ஆகவே, ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிரே சுழலும் இரண்டு உருளைகள் பாகைக் கை கையாக அள்ளி முன்னே தள்ளும் லோப் பம்புகளை நாடுகிறார்கள். குழாயைச் சற்றே சூடேற்றினாலும் பிசுபிசுப்பு வெகுவாக இறங்கிவிடும். அளவு மீறிச் சூடேற்றினால் நிறம் பழுப்பேறி, சர்க்கரையின் ஸ்வபாவமே மாறிவிடும் என்பதால் அதிலும் நிதானம் வேண்டும்.

பம்பின் தண்டு உடலுக்குள் நுழையும் இடத்தைக் குனிந்து பார்த்தால் சில வேளைகளில் வெண்மையான ஒரு வளையம் தென்படும். சீல் எனப்படும் இரு தகடுகளுக்கிடையே மெல்லிய படலமாகக் கசிந்த பாகில் நீர் ஆவியாகிப்போக, எஞ்சிய பளிங்குகள் அவை. இரவு முழுதும் நின்ற பம்பை அதிகாலையில் ஓட்டியதுமே அவை தகடுகளை அரம்போல் அராவத் தொடங்கிவிடும். இரட்டைச் சீல் வைத்து, நடுவே வெந்நீரை ஓடவிட்டு அந்தப் பளிங்குகளைக் கரைத்துவிடுவதே இதற்குப் பரிகாரம்.

தொட்டிக்குள்ளோ அபாயம் மேலிருந்து வருகிறது. வெதுவெதுப்பான பாகிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த கூரையில் முத்து முத்தாகத் திரண்டு திரும்பவும் சொட்டும்போது, கீழே பல ஆயிரம் லிட்டர் பாகு அப்பழுக்கின்றி இருக்கையில், மேற்பரப்பில் மட்டும் ஒரு மெல்லிய ஏடு நீர்த்துப்போகிறது. ஈஸ்டுக்கு அந்த ஏடு ஒன்றே போதும். ஆதலால் வடிகட்டிய உலர்ந்த காற்றைத் தொட்டியின் தலைப்பகுதியில் ஓயாமல் வீசச் செய்து, கூரையில் புறஊதா விளக்கொன்றையும் எரியவிட்டிருப்பார்கள்.