பழைய சாம்ப்ளர் வாங்கப் போகிறீர்களா?

மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், 1980களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ரோலண்ட் டிபி-303 என்ற மின்னிசைக் கருவியை வாங்கினார். 1982ல் வேறு சில கருவிகளுடன் அதையும் சேர்த்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வெளியிட்டார். சரியாக விற்காததால் அக்கருவியின் தயாரிப்பு 1984ல் நின்றது. பின்னர், சிகாகோ இளையர்கள் அதை மலிவாக வாங்கிப் புதுவகை நடன இசையையே உருவாக்கினர்.

பழைய கருவிக்கும் உயிர் உண்டு. அது நன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதில்தான் சிக்கல். சாம்ப்ளர் வாங்குவோருக்கு இது இன்னும் பொருந்தும்.

உறுமி அடி, கோயில் மணி, தேக்கா சந்தை இரைச்சல் என எந்த ஒலியையும் பதிவுசெய்து, துண்டாக்கி, விரலால் தட்டி வாசிக்க உதவும் கருவி சாம்ப்ளர். 1988ல் வந்த அக்காய் எம்பிசி60, 16 ரப்பர் பேட்களுடன் இவ்வகைக்குப் புகழ் சேர்த்தது.

வாங்குமுன் ஒவ்வொரு பேடையும் மெதுவாகவும் பலமாகவும் தட்டிப் பாருங்கள். திரை மங்கியுள்ளதா, குமிழைத் திருப்பினால் கரகரப்பு வருகிறதா என்று கவனியுங்கள். பழைய சாம்ப்ளர்கள் பலவற்றில் மின்சாரத்தை நிறுத்தினால் ஒலிகள் அழிந்துவிடும். எனவே, ஓர் ஒலியைப் பதிவுசெய்து, ஃபிளாப்பியிலோ அட்டையிலோ சேமித்து, கருவியை அணைத்து, மீண்டும் திறந்து பார்ப்பதே முக்கியச் சோதனை.

பின்புறம் எழுதியுள்ள மின்னழுத்தத்தையும் படியுங்கள். ஜப்பானில் 100 வோல்ட், இங்கு 230 வோல்ட். ஜப்பானியக் கருவியை அப்படியே செருகினால் கருகிப்போகலாம்.

கடையில் வாங்கினால், 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன்’ சட்டம் பழைய பொருளுக்கும் பாதுகாப்பு தரும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால், அவர் முன்கூட்டியே சொன்ன குறைக்கு இது பொருந்தாது.

இணையத்தில் தனிநபரிடம் வாங்குவோருக்கு இச்சட்டம் கைகொடுக்காது. எம்ஆர்டி நிலைய வாசலில் பணத்தைக் கொடுத்துப் பெட்டியை வாங்கிக்கொள்வது எளிது. ஆனால், அங்கு கருவியைச் செருகிப் பார்க்க வழியில்லை. மின்சார வசதியுள்ள இடத்தில் சந்திப்போம் என்று கேளுங்கள், காதொலிக் கருவியைக் கையோடு கொண்டு செல்லுங்கள். விற்பவர் மறுத்தால், சேமித்த பணம் உங்களிடமே இருக்கட்டும்.